முழங்கால் சொன்ன வானிலை

இராசாத்திக்கு மூன்று பேருக்கு மேல் கூடி நிற்கும் இடத்தில் வாய் வராது. ஐந்தாம் வகுப்போடு அவள் படிப்பை விட்டதற்கு வீட்டுக் கஷ்டம்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். எழும்பி நின்று பாடம் வாசிக்கச் சொல்வார்களே என்ற பயம் பாதிக் காரணம் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். கதைக்காதவர்களுக்கு மிஞ்சுவது கண்தான். யார் வீட்டு அடுப்பு எத்தனை மணிக்குப் புகைகிறது, யாருடைய படகு எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று பார்த்துப் பார்த்தே அவள் அறுபத்திரண்டு வயதுக்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

அப்படிப்பட்டவளைத் தேடி, முல்லைத்தீவுக் கடற்கரையில் அவள் இருந்த ஒழுங்கையின், அந்தக் குறுந்தெருவின், ஆண்கள் பின்னேரங்களில் வேலியடிக்கு வந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் அவளுடைய அறிவு அல்ல. வலது முழங்கால்.

முழங்காலுக்குள் செல் துண்டு, போரில் விழுந்த எறிகணையின் சிதறல், கிடந்தது. 2009ஆம் ஆண்டு மாசி மாதம், மாத்தளன் கரையில், தறப்பாள் கொட்டிலுக்கு வெளியே கஞ்சிப் பானையைக் கிளறிக்கொண்டிருந்தபோது செல் விழுந்தது. புருசன் யாக்கோப்பு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, மணலில் ஒரு மைல் ஓடினான். காயம் ஆறியது. பிறகு முகாமில், நீண்ட வரிசையின் கடைசியில், ஒரு டொக்டர் தழும்பை அழுத்திப் பார்த்துவிட்டு, "உள்ள சின்னத் துண்டு ஏதும் நிக்கலாம். கரைச்சல் தந்தா பிறகு பாப்பம்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நூறு பேர் நின்றார்கள். 'பிறகு' வரவே இல்லை. ஆனால் ஊருக்குத் திரும்பி, வீட்டுக்குக் கூரை போட்டு முடிவதற்குள், நிற்கலாம் என்று டொக்டர் சொன்ன துண்டு உறுதியாக நிற்கத் தொடங்கிவிட்டது. அந்த ஒழுங்கையில் இது புதினமில்லை. வீட்டுக்கு ஒருவராவது உடம்பில் இரும்போடு திரிந்தார்கள். யாருக்காவது எங்காவது நொந்தால், வேறு ஊரில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார்கள். இங்கே துண்டு நகர்ந்திட்டுதோ என்று கேட்பார்கள்.

திரும்பி வந்த முதல் மாரியில் ஒரு பின்னேரம், கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு இராசாத்தி முழங்காலைத் தடவினாள். "உளையுது" என்றாள். பக்கத்து வீட்டுக் கலிஸ்ரா அதைக் கேட்டாள். அன்றைக்கே மழை கொட்டியது. கார்த்திகை மாதத்தில் முல்லைத்தீவில் மழை வரும் என்று சொல்ல முழங்கால் தேவையில்லை, ஒரு கலண்டர் போதும். ஆனால் கலிஸ்ராவின் கையில் ஒரு கதை அகப்பட்டால் அது சும்மா கிடக்காது. ஒரு கிழமைக்குள், கடலுக்குப் போகுமுன் இராசாத்தி அக்காவின் காலைக் கேட்டுவிட்டுப் போவது என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது.

"அக்கா, துண்டு என்ன சொல்லுது?"

ஐந்தாறு ஆண்கள் வேலிக்கு வெளியே நின்று இப்படிக் கேட்டால் அவளுக்கு வியர்த்துவிடும். எனக்குத் தெரியாது என்று சொல்வதற்கு ஒரு நெஞ்சுறுதி வேண்டும். அது அவளிடம் இல்லை. "கொஞ்சம் உளையுது" என்பாள். அல்லது "இண்டைக்குப் பேசாமக் கிடக்கு" என்பாள். எதைச் சொன்னால் கெதியாகப் போவார்களோ அதைச் சொல்வாள். சரிவந்த நாட்களை அவர்கள் நினைவில் வைத்தார்கள். பிழையாகிப்போன நாட்களில் துண்டு கொஞ்சம் பிந்திச் சொல்லியிருக்கும் என்றார்கள். எல்லோரையும்விட அதை நம்பியது யாக்கோப்பு. மற்றவர்களாவது போனில் வானிலையைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்கள். யாக்கோப்பு போனைத் திறப்பதே இல்லை.

துண்டால் இராசாத்திக்கும் வசதி இல்லாமல் இல்லை. மாதா கோயிலில் பூசை நேரம் எல்லோரும் முழந்தாளில் நிற்க, அவளுக்கு மட்டும் கதிரை. பஸ்ஸில் இளசுகள் எழும்பி இடம் கொடுத்தார்கள். மாதர் சங்கத்துக்குத் தலைவியாக வரும்படி பங்குச் சுவாமி கேட்டபோது, முழங்காலைக் காட்டித் தப்பினாள். வாயால் செய்ய முடியாததையெல்லாம் அவளுக்காக அந்தக் கால் செய்தது.

போன வருசம் ஐப்பசிக் கடைசியில் அவளுக்கு மூன்று நாள் காய்ச்சலும் சத்தியும். தண்ணீர் குடித்தாலும் தங்கவில்லை. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் விடியக் கட்டிலிலிருந்து இறங்கக் காலைத் தூக்கினாள். கால் வரவில்லை. சீலையை விலக்கிப் பார்த்தாள். முழங்கால் விளாம்பழம் போலத் திரண்டு, சிவந்து, தொட்டால் அடுப்பில் வைத்த சட்டி மாதிரிச் சுட்டது. போர்வை பட்டாலே உயிர் போனது.

கலிஸ்ரா வந்து பார்த்தாள். கையை நெஞ்சில் வைத்தாள்.

"அக்கா, இவ்வளவு நாளும் சும்மா உளைஞ்சது. மழை வந்தது. இண்டைக்கு இப்பிடி வீங்கிக் கிடக்கெண்டா..." முடிக்காமல் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பிள்ளை, எனக்குக் காய்ச்சல் வந்து—"

கலிஸ்ரா அப்போதே படலையைத் தாண்டிவிட்டாள்.

மத்தியானத்துக்குள் ஒழுங்கையின் பதினொரு படகுகளும் கரையேறின. இயந்திரங்களைக் கழற்றிச் சாக்குக் கட்டி வீடுகளுக்குள் வைத்தார்கள். வலைகளை மேட்டில் குவித்தார்கள். யாக்கோப்பு தன் படகைத் தென்னையோடு சேர்த்து இரட்டைக் கயிற்றால் கட்டினான். கட்டிலில் கிடந்தபடி யன்னலால் இதையெல்லாம் இராசாத்தி பார்த்தாள். வானத்தில் ஒரு முகில் இல்லை.

அடுத்த நாளும் இல்லை. கடல் எண்ணெய் ஊற்றிவிட்டது போலக் கிடந்தது. அடுத்த கரைக்காரர் போய், பெட்டி பெட்டியாகச் சூடை மீனும் கும்பளாவும் கொண்டுவந்தார்கள். இந்த ஒழுங்கைக்காரர் கரையிலிருந்த வாடிக் கொட்டிலுக்குள் குந்தியிருந்து கடதாசிச் சீட்டு விளையாடிக்கொண்டு, புயல் எந்தப் பக்கத்தால் வரும் என்று கதைத்தார்கள். இராசாத்திக்குக் காலின் நோவைவிட அது பெரிய நோவாக இருந்தது. ஒருவரும் தன்னைத் திட்டவில்லை. திட்டினால் நல்லது போலவும் இருந்தது.

கலிஸ்ரா எருக்கலம் இலையை வாட்டி ஒத்தினாள். வீக்கம் கூடியது. பிறகு தன் மச்சானுக்கு வவுனியாவில் இப்படித்தான் கால் வீங்கினதாம், கவுட் எண்ட மூட்டு வருத்தமாம், நண்டும் இறாலும் பருப்பும் ஆகாதாம் என்றாள். இராசாத்தியின் நண்டுக் குழம்புச் சட்டி வேலிக்கு மேலால் கலிஸ்ரா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் நாள் முத்தலிப் வந்தார். அவர் மீன் வியாபாரி. ஒவ்வொரு காலையும் பட்டா லொறியில் ஐஸ் பெட்டிகளோடு வந்து, இந்தக் கரையின் மீனை வாங்கிப் போவார். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருபது வருசம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். துண்டுக் கதையில் அவருக்கு முதலிலிருந்தே பெரிய மரியாதை கிடையாது. வாசலில் நின்று முழங்காலைப் பார்த்தார்.

"அக்கா, மூண்டு நாளா உங்கட முழங்காலால எனக்கு ஒரு மீன் இல்லை. ஐஸ் எல்லாம் தண்ணியாப் போகுது. வாங்கோ, ஏறுங்கோ."

"எங்க தம்பி?"

"ஆஸ்பத்திரிக்கு. புயலையும் ஏத்திக்கொண்டு போய் அங்க இறக்கி விடுறன்."

யாக்கோப்பு தலையைச் சொறிந்தான். "துண்டு அடங்கட்டும், பிறகு பாப்பம் எண்டு..."

"நீங்கள் அடங்குங்கோ அண்ணே. காலைப் பிடியுங்கோ. மெதுவா."

அவளை மீன் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு மெத்தையில் வைத்துக் கொண்டுபோனார்கள். பார்ப்பவர்களுக்குத் தானும் ஒரு கும்பளா போலத் தெரியக் கூடாதென்று, வழி முழுக்கச் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாட்டில் டொக்டர் வினோஜா பார்த்தாள். முப்பது வயது இருக்கும். கேட்கிற கேள்விக்குப் பதில் வரும்வரை காத்திருக்கிற பிள்ளை. இராசாத்திக்கு அது புது அனுபவம்.

"எப்ப தொடங்கினது அம்மா?"

"அது... துண்டு, டொக்டர். உள்ள செல் துண்டு கிடக்கு. நகர்ந்திட்டுது போல."

"சரி. அதுக்கு முதல் காய்ச்சல், வயித்தோட்டம் ஏதும் வந்ததோ?"

"காய்ச்சல் வந்தது. சத்தியும். மூண்டு நாள்."

டொக்டர் அதைத்தான் எழுதினாள். துண்டை எழுதியதாகத் தெரியவில்லை. எக்ஸ்றே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் வைத்துவிட்டு டொக்டர் அவளையும் பார்க்கச் சொன்னாள். இராசாத்தி தன் எலும்பைப் பார்த்தாள். மற்றவர்கள் எலும்பைப் போலத்தான் இருந்தது.

"அம்மா, இதில இரும்பு இருந்தா வெள்ளை வெளேரெண்டு கட்டியாத் தெரியும். ஒண்டும் இல்லை. தழும்பு இருக்கிற இடத்தில அண்டைக்கு வந்த துண்டு பக்கத்தால கிழிச்சுக்கொண்டு போயிருக்கும். உள்ள நிக்கேல்லை."

"ஒண்டுமே இல்லையோ?"

"துண்டு இல்லை. ஆனா இஞ்ச பாருங்கோ." இரண்டு எலும்புக்கும் இடையில், பென்சிலால் இழுத்தது போல ஒரு மெல்லிய வெள்ளைக் கோட்டைக் காட்டினாள். "மூட்டுக்குள்ள மெத்தை மாதிரி ஒரு சவ்வு இருக்கு. அதில கல்சியம் உப்பு சின்னச் சின்னப் பளிங்கா வருசக் கணக்காப் படிஞ்சிருக்கு. வயசு போக அறுபது தாண்டின கனபேருக்கு இது இருக்கும். கனபேருக்கு ஒண்டும் செய்யாது. உங்களுக்குக் காய்ச்சல் வந்து உடம்பு வத்திப்போக, அந்தப் பளிங்கு கழண்டு மூட்டுத் தண்ணிக்குள்ள விழுந்திருக்கும். கண்ணுக்குள்ள மணல் விழுந்தா எப்பிடி? அதுபோல மூட்டு கோவிச்சுக்கொண்டு வீங்கியிருக்கு எண்டு நினைக்கிறன்."

நினைப்பதை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது என்றும் சொன்னாள். கிருமி போயிருந்தாலும் இப்படித்தான் சிவந்து சுடும். அது மூட்டைத் தின்றுவிடும். கவுட்டும் இப்படித்தான் வரும். வெளியில் நின்று பார்த்தால் மூன்றும் ஒரே முகம். ஊசியால் தண்ணீரை எடுத்துப் பார்த்தால்தான் பிரிக்கலாம்.

ஊசி போனது. வந்த தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீரில் மஞ்சளைக் கரைத்தது போலக் கலங்கியிருந்தது. அது ஒரு சிறிய போத்தல் நிறைய வர, இராசாத்திக்கு மூன்று நாளுக்குப் பிறகு மூச்சு இறங்கியது. கிருமி இருக்கிறதா என்று இங்கே பார்ப்பார்கள், பளிங்கைப் பார்க்க யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவோம், அதற்கென்று ஒரு விசேஷக் கண்ணாடி இருக்கிறது என்றாள் டொக்டர்.

கட்டிலில் கிடந்த இராசாத்திக்கு, யாரோ வீட்டுக்குள் புகுந்து எதையோ தூக்கிக்கொண்டு போனது போல இருந்தது. பதினைந்து வருசம் தன்னோடு இருந்த சாமான். கோயில் கதிரை, பஸ் இடம், மாதர் சங்கம் என்று நினைத்துப் பார்த்தாள். இத்தனை நாளும் அந்தக் கதிரையில் குந்தியிருந்தது செல் துண்டு இல்லாத ஒரு முழங்கால். ஆண்டவருக்கு முதலே தெரிந்திருக்கும். அவர் சொல்லாமல் இருந்தது நல்ல மனம்.

அது வெட்கம் மட்டும்தான். வெட்கம் அவளுக்குப் பழக்கம். பழக்கமில்லாதது பின்னேரம் யாக்கோப்பின் உருவத்தில் வந்தது.

யாக்கோப்பு தேத்தண்ணீர்ப் போத்தலோடு வந்து, அடுத்த கட்டிலில் இருந்த வீரம்மாவுக்குத் துண்டுக் கதையைத் தொடங்கினான். வீரம்மா ஸ்கந்தபுரத்தில் தோட்டம் செய்கிற மனுசி, மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டவள். யாக்கோப்பு வீட்டில் வாய் திறக்காதவன். இந்தக் கதைக்கு மட்டும் அவனுக்கு நாக்கு முளைக்கும்.

"உள்ள இரும்போட தூக்கினனான் அக்கா. ஒரு மைல். அவள் ஒரு சத்தம் போடேல்லை. அந்தத் துண்டுதான் இண்டைக்கு வரைக்கும் என்னைக் கடலில காப்பாத்துறது. அது பேசாமக் கிடந்தா நான் போவன். உளைஞ்சா போகமாட்டன். றேடியோக்காரன் சொல்லுறதெல்லாம் கொழும்புக் கடல்."

வீரம்மா இராசாத்தியைப் பார்த்தாள். எக்ஸ்றேக்குப் பிறகு டொக்டர் சொன்னதெல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது. இராசாத்தி கூரையில் சுற்றிய காற்றாடியைப் பார்த்தாள். இப்போதே சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த மனுசன் இனி ஒருநாள், இல்லாத துண்டைக் கேட்டுவிட்டு, இருக்கிற புயலுக்குள் போவான்.

"என்னப்பா" என்றாள்.

"என்ன?"

"தேத்தண்ணிக்குச் சீனி காணாது."

யாக்கோப்பு போனபிறகு வீரம்மா கேட்டாள். "ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"அவர் சொல்லேக்க முகத்தைப் பாத்தியளோ அக்கா? அதில எப்பிடிச் சொல்லுறது?"

"முகத்தைப் பாக்காமச் சொல்லு."

அடுத்த நாளும் அவள் சொல்லவில்லை. அவன் மாலைக் காற்றைப் பற்றிக் கதைத்தான், அவள் கோழிகளைப் பற்றிக் கேட்டாள். மூன்றாம் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து பதில் வந்தது. கிருமி இல்லை. கவுட் பளிங்கு ஊசி போல நீளமாக இருக்குமாம். இவளுடையது சரிந்த செங்கல் போலக் கட்டைக் கட்டையாக இருந்ததாம்.

"இதைப் பொய்க் கவுட் எண்டு சொல்லுறது அம்மா" என்றாள் டொக்டர்.

இராசாத்திக்குச் சிரிப்பு வந்தது. பொய்த் துண்டு, பொய் வானிலை, கடைசியில் வந்த வருத்தமாவது உண்மையாக இருக்கக் கூடாதா.

கிருமி இல்லையென்று தெரிந்ததால், மூட்டுக்குள்ளேயே வீக்கத்துக்கு ஒரு ஊசி போட்டார்கள். சின்ன மாத்திரைக் குளிசை ஒன்று கொஞ்ச நாளைக்கு. வயிறு கலங்கினால் உடனே நிறுத்திவிட்டு வந்து சொல்ல வேண்டும். கடையில் நோக்குளிசை வாங்கிக் கண்டபடி போடக் கூடாது, இந்த வயசில் அது கிட்னியைப் பழுதாக்கும். ஐஸைத் துணியில் சுற்றி வைக்கலாம். இரண்டு நாள் ஓய்வு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி நீட்ட வேண்டும். இரத்தத்தில் கல்சியமும் இரும்பும் வேறு சிலதும் பார்த்தார்கள். சிலருக்கு அவற்றின் கோளாறால் இது வருமாம். இவளுக்கு எல்லாம் சரி. வயசு மட்டும்தான் கோளாறு.

"நண்டு, இறால் விடவேணுமோ டொக்டர்?"

"தேவையில்லை. அது கவுட்டுக்கு. இதுக்குச் சாப்பாட்டில ஒரு பத்தியமும் இல்லை. பால், நெத்தலி கூட வடிவாச் சாப்பிடலாம்."

கலிஸ்ராவின் வீட்டுக்குப் போன குழம்பை இராசாத்தி நினைத்துக்கொண்டாள். பிறகு, மூன்று நாளாகத் தொண்டையில் நின்றதை மெல்லக் கேட்டாள்.

"இதுக்கு... மழை, புயல் வாறது தெரியுமோ?"

டொக்டர் சிரிக்கவில்லை. "தேய்ஞ்ச மூட்டு குளிருக்குக் கொஞ்சம் உளையலாம். உங்களுக்கும் உளையும், எனக்கு வயசு போனா எனக்கும் உளையும். புயல் தெரியாது அம்மா. அதுக்கு வானிலை நிலையம் இருக்கு."

அடுத்த நாள் காலை முழங்கால் பாதியாக வற்றியிருந்தது. யாக்கோப்பு ஏழு மணிக்கே வந்து எட்டிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"அடங்கிட்டுது. நல்லது. அப்ப இண்டைக்குப் பின்னேரம் இறங்கலாம். ஒழுங்கை முழுக்கக் காத்துக்கொண்டிருக்கு. நீ வீட்ட வா, முத்தலிப்பை வரச்சொல்லியிருக்கிறன்."

அவள் வாயைத் திறந்தாள். அவன் வாசலுக்குப் போய்விட்டான். ஒரு கிழமை கரையில் கிடந்த ஆண்பிள்ளையின் நடை அது. பின்னால் கூப்பிட்டால் நிற்காது.

பத்து மணிக்கு வீரம்மாவின் போனில் செய்தி வந்தது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம். இன்று இரவிலிருந்து கிழக்குக் கரையில் பலத்த காற்று. மீனவர் கடலுக்குப் போகவேண்டாம்.

வீரம்மா போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு இராசாத்தியைப் பார்த்தாள். "இப்ப சொல்லுவியோ, இல்லாட்டி இன்னும் சீனி காணாதோ?"

யாக்கோப்பின் போனுக்கு அடித்தார்கள். வழக்கம்போல அணைந்து கிடந்தது. ஆஸ்பத்திரியில் விடுவிப்புச் சீட்டு எழுதித் தந்து அவளை வீட்டுக்கு விட இரண்டு மணியானது. முத்தலிப் வந்தபோது, "தம்பி, கொஞ்சம் கெதியா ஓட்டுங்கோ" என்றாள். அவள் தன்னிடம் ஒன்றைத் தானாகக் கேட்டது இதுதான் முதல் தடவை என்று முத்தலிப் பிறகு சொன்னார்.

லொறி நேரே கரைக்குப் போனது. படகுகள் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றன. இயந்திரங்கள் பூட்டியாகிவிட்டது. ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு யாக்கோப்பின் படகை முதலில் தள்ளத் தோள் கொடுத்து நின்றார்கள். இராசாத்தி ஒரு தடியை ஊன்றிக்கொண்டு மணலில் இறங்கினாள். பத்துப் பதினைந்து முகங்கள் திரும்பின. அவளுடைய தங்கையின் மகன் மெல்ரொன் கையை அசைத்தான்.

"பெரியம்மா வாறா. துண்டை நேரடியாக் கொண்டு வந்திருக்கிறா."

எல்லோரும் சிரித்தார்கள். இராசாத்திக்கு வாய் ஒட்டிக்கொண்டது. வழி முழுக்க ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வரவில்லை. மணலில் நடந்ததில் கால் நொந்தது. கொஞ்சம் சாய்ந்து நிற்கலாம் என்று படகின் விளிம்பில் பின்பக்கத்தை வைத்தாள். ஈரமாக இருந்தது. வழுக்கியது. கால்கள் மேலே போக, தலை கீழே போக, அவள் அப்படியே படகுக்குள், வலைக் குவியலுக்கு மேல் மல்லாந்து விழுந்தாள்.

பிறகு கலிஸ்ரா இதை, அக்கா படகுக்குள் ஏறிக் குந்தி மறித்தவா என்று ஊர் முழுக்கச் சொன்னாள். மறிக்கிற எண்ணம் அவளுக்கு இருக்கவில்லை. விழுந்தாள், முழங்கால் மடங்காததால் எழும்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் மல்லாந்து கிடந்தபோது ஒரு விஷயம் நடந்தது. அங்கிருந்து பார்க்க ஒருவருடைய முகமும் தெரியவில்லை. வானம் மட்டும் தெரிந்தது. தென்கிழக்குப் பக்கம் அழுக்குத் துணி போல ஒரு கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது. அந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு அவள் கதைக்கத் தொடங்கினாள்.

"துண்டு இல்லை" என்றாள். "எக்ஸ்றே எடுத்தவை. முழங்காலுக்குள்ள துண்டே இல்லை. உப்புத்தான் படிஞ்சு கிடக்கு. காய்ச்சல் வந்ததால வீங்கினது. ஊசி போட்டதால வத்தினது. கடலுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இண்டைக்குக் காத்து வருதெண்டு செய்தியில சொல்லுறாங்கள். போகாதேங்கோ."

படகின் விளிம்புக்கு மேல் யாக்கோப்பின் தலை வந்தது.

"என்ன கதைக்கிறாய்? துண்டு இல்லையோ?"

"இல்லை."

"எப்ப எடுத்தவங்கள்?"

"எடுக்கேல்லை. முதலே இருக்கேல்லையாம்."

அவன் தலை மறைந்து, திரும்பவும் வந்தது. "அப்ப பதினைஞ்சு வருசமா நான் என்னத்தைக் கேட்டுக்கொண்டு கடலுக்குப் போனனான்?"

"என்ர வாயைத்தான். தெரியாது எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது. அதால உளையுது, உளையேல்லை எண்டு ஏதோ ஒண்டைச் சொன்னனான்."

படகுக்கு வெளியில் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"நல்ல ஆள் பெரியம்மா" என்றது மெல்ரொனின் குரல். "என்ர கலியாணத்துக்கு மழை வரும் எண்டு நீங்கள் சொல்லித்தானே பந்தல் முழுக்கத் தறப்பாள் கட்டினனான். வெயிலில சனம் அவிஞ்சு போச்சுது."

"அண்டைக்கு நாலு பேர் வேலியில நிண்டியள் மோனே. ரெண்டு பேர் வந்திருந்தா உண்மையைச் சொல்லியிருப்பன்."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். யாக்கோப்பு மட்டும் சிரிக்கவில்லை. "டொக்டர்மாருக்கு என்ன தெரியும்? முகாமில பாத்தவர் இருக்கெண்டவர். நான் இறங்கத்தான் போறன். இவளைத் தூக்குங்கோடா."

"தூக்கேலாது" என்றாள் இராசாத்தி வானத்தைப் பார்த்து. "கால் மடங்காது. தூக்கினா நோகும். கத்துவன்."

அவள் கத்துவாள் என்று அந்தக் கரையில் ஒருவரும் நினைத்துப் பார்த்ததில்லை. கிட்டப் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மெல்ரொன் போனை எடுத்து யாக்கோப்பின் முகத்துக்கு முன்னால் பிடித்தான். வரைபடத்தில் நீலமும் சிவப்புமாகச் சுழன்றுகொண்டிருந்தது. யாக்கோப்பு போனைப் பார்க்கவில்லை. ஆனால் போனுக்குப் பின்னால் கடல் இருந்தது, அதைப் பார்த்தான். கனநேரம் பார்த்தான். தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. ஒரு கிழமையாக அவன் கடலைப் பார்க்கவே இல்லை, முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேல தள்ளுங்கோடா" என்றான்.

இராசாத்தி உள்ளே கிடக்கப் படகு மேட்டுக்கு ஏறியது. இருபது தோள்கள் தள்ள, ஒவ்வொரு இழுப்புக்கும் வலைக் குவியலில் அவள் ஒரு தரம் துள்ளி விழுந்தாள். முத்தலிப் லொறியில் சாய்ந்து நின்று, இன்றைக்கும் மீன் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாக்கோப்பு போகாத கடலுக்குத் தனியே இறங்க மற்றவர்களுக்கும் மனம் வரவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் திரும்பின.

ஏழு மணிக்குக் காற்று தொடங்கியது. இரண்டு நாள் அடித்தது. வாடியின் கூரைத் தகரம் மூன்று, ஒழுங்கையின் அந்தத் தலையில் போய் விழுந்தன. படகுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த இரண்டு நாளும் யாக்கோப்பு அவளோடு கதைக்கவில்லை. சோற்றைக் குசினி வாசலில் வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டிச் சாப்பிட்டான். அவளும் தொந்தரவு செய்யவில்லை. ஐஸ் வைத்தாள், டொக்டர் சொன்னபடி கதிரையில் இருந்து காலை நீட்டி மடக்கினாள். மடக்கும்போதெல்லாம், ஒன்றுமில்லாத ஒரு முழங்காலுக்கு இவ்வளவு ஊழியம் செய்கிறோமே என்று நினைத்தாள். அது தன் பங்குக்குக் கிறுக்கென்று சத்தம் போட்டது.

மூன்றாம் நாள் வெயில் வந்தது. யாக்கோப்பு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"அந்த உப்பு... கரையாதாமோ?"

"கரையாதாம்."

"யாழ்ப்பாணத்தில கண்ணாடி வைச்சுப் பாத்தவங்கள் எண்டாய்?"

"ஓம். செங்கல் மாதிரிக் கிடந்ததாம். கனக்கச் சின்னது."

அவன் தோள் மெல்ல நிமிர்ந்தது. "அப்ப உள்ள ஏதோ கிடக்குத்தான்."

"கிடக்குத்தான்."

"திரும்பவும் வீங்குமோ?"

"வீங்கலாமாம். எப்ப எண்டு சொல்லேலாதாம்."

"வீங்கினா நாங்கள் என்ன செய்யிறது?"

"என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றாள் இராசாத்தி. "படகை இழுக்காதேங்கோ."